சார்ஜ் ஏன் நிற்கமாட்டேன் என்கிறது?



உங்கள் வீட்டுச் செல்போன் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? புதிதாக வந்தபோது காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரைக்கும் தாங்கியது. இப்போது மத்தியானமே அம்மா சார்ஜரைத் தேடுகிறார். "சார்ஜே நிற்கமாட்டேன் என்கிறது" என்று அப்பா அலுத்துக்கொள்கிறார்.

"ஏன் நிற்கவில்லை?" என்று உங்களில் யாராவது திருப்பிக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் சபாஷ்! அது சின்னக் கேள்வி இல்லை. பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் கெட்டிக்காரர்கள் பலர் நாற்பது வருடமாக அந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே அலைந்துகொண்டிருக்கிறார்கள். வாருங்கள், நாமும் கொஞ்ச தூரம் அவர்களோடு போய்ப் பார்ப்போம்.

முதலில் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் ஒன்று. நிஜமான பேட்டரியைப் பிரிக்கவே கூடாது. ஆணியால் குத்துவது, நெருப்பில் போடுவது எதுவும் கூடாது. உள்ளே இருக்கும் திரவம் தீப்பற்றக் கூடியது. நாம் மனத்துக்குள்ளேயே பிரித்துப் பார்ப்போம். அதை யாரும் தடுக்க முடியாது!

செல்போன், லேப்டாப், மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயனி செல். லித்தியம் ஓர் உலோகம். உலோகங்களிலேயே எடை மிகக் குறைந்தது அதுதான்.

செல்லுக்குள் இரண்டு நீளமான மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்று தாமிரம். அதன் மேல் கிராஃபைட் பூசியிருக்கும். உங்கள் பென்சிலில் எழுதுகிறதே, அதே கிராஃபைட்தான். இன்னொன்று அலுமினியம். அதன் மேல் பூசியிருப்பது ஒரு கறுப்புப் பொடி. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் என்ற உலோகங்களும் லித்தியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது அந்தப் பொடி. எல்லா செல்களிலும் இதே கலவை இருக்காது. இன்று நாம் பார்க்கப் போகும் செல்லில் இதுதான்.

இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. அதனால் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் அதன் கனம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. இந்த மூன்றையும் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, உறைக்குள் வைத்து, திரவத்தை ஊற்றி மூடிவிடுவார்கள்.

இதுவரை சரியா? இரண்டு தகடு, நடுவே ஒரு தாள், எல்லாம் நனைந்திருக்க ஒரு திரவம். அவ்வளவுதான்.

இப்போது பாட்டி வீட்டுப் பல்லாங்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் இந்தப் பக்கம் ஏழு குழி, அந்தப் பக்கம் ஏழு குழி. புளியங்கொட்டையோ சோழியோ, எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறோம் அல்லவா? செல்லுக்குள் நடப்பதும் அப்படி ஓர் ஆட்டம்தான். காய்கள்தான் லித்தியம். கறுப்புப் பொடியில் ஒரு பக்கக் குழிகள். கிராஃபைட்டில் மறுபக்கக் குழிகள். நீங்கள் சார்ஜரைச் செருகினால் காய்கள் கறுப்புப் பொடியிலிருந்து கிளம்பிக் கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வீடியோ பார்த்தால் காய்கள் பழைய இடத்துக்கே திரும்பும்.

அப்படியானால் மின்சாரம் எங்கே வந்தது? நல்ல கேள்வி! லித்தியம் அணு தன்னிடமிருந்து ஓர் எலக்ட்ரானை விட்டுவிட்டு, அயனியாகித் திரவத்தின் வழியே நீந்திப் போகும். அந்த எலக்ட்ரானால் திரவத்துக்குள் போக முடியாது. அது வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் சேர வேண்டும். அப்படிச் சுற்றிப் போகும்போதுதான் உங்கள் போனின் திரை எரிகிறது, பாட்டு கேட்கிறது.

ஆக, ஒரு காய் நகர்ந்தால் ஓர் எலக்ட்ரான் கம்பியில் ஓடும். காய் குறைந்தால் எலக்ட்ரானும் குறையும். இந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு செல்லைச் செய்ய முடியும் என்று காட்டிய மூன்று பேருக்கு 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குட்டினஃப், அகிரா யோஷினோ. பரிசு வாங்கியபோது குட்டினஃப் தாத்தாவுக்கு வயது 97! அந்த வயதில் நோபல் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. கடைகளுக்கு இந்த செல் முதன்முதலில் வந்தது 1991-இல். ஜப்பானின் சோனி நிறுவனம் விற்றது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். சார்ஜ் ஏன் நிற்கவில்லை?

காய்கள் தொலைகின்றன. அதுதான் பதில். ஆனால் எங்கே தொலைகின்றன? செல்லைத்தான் இறுக மூடியிருக்கிறார்களே! வெளியே விழ வழியே இல்லையே!

உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. கிராஃபைட் பக்கத்தில் சார்ஜ் ஏறியதும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம் சும்மா இருப்பதில்லை. அதோடு வினைபுரிகிறது. திரவம் கொஞ்சம் சிதைந்து, லித்தியத்தையும் தன்னோடு பிடித்துக்கொண்டு, கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. படலத்தில் மாட்டிய காய் மாட்டியதுதான். இனி அது ஆட்டத்துக்கு வராது.

தொழிற்சாலையில் முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போதே இந்தப் படலம் உண்டாகிவிடும். அந்த ஒரே தடவையில் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று காய்கள் போய்விடும். "ஐயோ!" என்று பதற வேண்டாம். படலம் நமக்கு நன்மையும் செய்கிறது. திரவம் மேற்கொண்டு கிராஃபைட்டைத் தொடாதபடி அது தடுக்கிறது. லித்தியத்துக்கு மட்டும் வழிவிடுகிறது. இந்தப் படலம் மட்டும் இல்லாவிட்டால் லித்தியம் அயனி செல்லே கிடையாது!

ஆனால் அது முழுக்கத் தடுப்பதில்லை. நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வருகிறது. தடிக்கத் தடிக்க வேகம் குறையும். இருந்தாலும் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்றிரண்டு காய் போய்க்கொண்டே இருக்கும். சூடு அதிகமானால் இன்னும் வேகமாகப் போகும்.

புரிகிறதா? படலம் வேண்டும். ஆனால் அது வளரக் கூடாது. செல்லின் ஆயுளை நீட்டிக்க நினைப்பவர்கள் முட்டி மோதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு செல் எத்தனை நாள் உழைக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரான வழி ஒன்று உண்டு. செல்லை ஒரு சோதனைக் கருவியில் மாட்டுவார்கள். 4.2 வோல்ட் வரும் வரை சார்ஜ் ஏற்றுவார்கள். பிறகு 3 வோல்ட்டுக்கு வரும் வரை ஒரே சீராக மின்சாரத்தை வெளியே எடுப்பார்கள். எவ்வளவு நேரம் தாங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 500 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்து 5 மணி நேரம் வந்தால், 500-ஐ 5-ஆல் பெருக்குங்கள். 2,500 மில்லி ஆம்பியர் மணி. அதுதான் அந்தச் செல்லின் கொள்ளளவு. உங்கள் பவர் பேங்க்கின் முதுகில் அச்சடித்திருப்பதும் இந்தக் கணக்குதான். எடுத்துப் பாருங்கள்.

பிறகு மறுபடி ஏற்றுவார்கள். மறுபடி இறக்குவார்கள். இரவும் பகலும் கருவியே அதைச் செய்யும். கொள்ளளவு நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தால் "இந்தச் செல்லின் ஆயுள் இவ்வளவு" என்று பெரும்பாலும் கணக்கு எழுதிவிடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

ஏற்ற ஒரு மணி நேரம், இறக்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 12 தடவை ஏற்றி இறக்கலாம். ஆயிரம் தடவைக்கு எத்தனை நாள்? 1,000-ஐ 12-ஆல் வகுங்கள். 83 நாளுக்கு மேல் ஆகும். ஒரு செல்லுக்கு மட்டும் இது! திரவத்தில் எதையோ ஒரு துளி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் மறுபடி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நூறு விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால்?

இதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. நிஜ வாழ்க்கையில் ஒரு மின்சாரக் கார் இப்படி நாளுக்குப் பன்னிரண்டு தடவை சார்ஜ் ஆவதில்லை. வாரத்துக்குச் சில தடவைதான். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது. ஆனால் அந்தப் படலம் சும்மா இருக்கும்போதும் வளரும்! ஆட ஆடத் தேய்வது ஒன்று. ஆடாமலே நாள்பட்டுத் தேய்வது இன்னொன்று. மூன்று மாதம் விரட்டி விரட்டி ஓட்டினால் முதலாவது தெரியும். இரண்டாவது தெரியாமல் போய்விடும். பத்து வருடம் உழைக்குமா என்று உண்மையாகத் தெரிய வேண்டுமானால் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் எல்லாம் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய ஆசைப்படுகிறேன். பெயர் ஜெஃப் டான். கனடா நாட்டின் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸ் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். லித்தியம் செல்களை ஆராய அவர் தொடங்கியது 1970-களின் கடைசியில்.

அவரும் அவருடைய மாணவர்களும் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். "எல்லாக் காய்களும் தொலையும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஓர் ஆட்டத்தில் எத்தனை காய் தொலைகிறது என்று சரியாக எண்ணிவிட்டால் போதாதா?"

ஆகா! எவ்வளவு அழகான யோசனை! ஓர் ஆட்டத்தில் ஒன்று தொலைகிறது என்று தெரிந்தால், ஆயிரம் ஆட்டத்தில் என்ன ஆகும் என்று பேப்பரிலேயே கணக்குப் போடலாமே!

எப்படி எண்ணுவது? உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட வரி இருக்கிறதே, அது உதவிக்கு வருகிறது. ஒரு காய்க்கு ஓர் எலக்ட்ரான். சார்ஜ் ஏறும்போது உள்ளே போன எலக்ட்ரான் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இறங்கும்போது திரும்பி வந்தது எவ்வளவு என்று அளக்க வேண்டும். வந்ததைப் போனதால் வகுத்தால் செல்லின் நேர்மை தெரிந்துவிடும். போனது அப்படியே வந்தால் 100 சதவீதம். அப்படி ஒரு செல் இன்னும் பிறக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? பயப்படாதீர்கள், நான் கூடவே இருக்கிறேன்.

ஒரு செல்லில் 99.9 சதவீதம் திரும்பி வருகிறது. அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆயிரம் காய்க்கு ஒன்று போகிறது. பிரமாதம் என்று தோன்றுகிறதா? ஆயிரம் ஆட்டம் இப்படியே ஆடினால், ஆயிரம் காய்களில் ஏறக்குறைய 368 மட்டுமே மிஞ்சும். பாதிகூட இல்லை!

இன்னொரு செல்லில் 99.99 சதவீதம். பத்தாயிரம் காய்க்கு ஒன்றுதான் போகிறது. ஆயிரம் ஆட்டம் முடிந்த பிறகும் ஆயிரத்தில் 905 காய்கள் இருக்கும்.

பார்த்தீர்களா? கடைசியில் ஒரே ஒரு 9 கூடியது. ஒரு செல் படுத்துவிட்டது. இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. (கால்குலேட்டர் இருந்தால் 0.999-ஐ அதனாலேயே ஆயிரம் தடவை பெருக்கிப் பாருங்கள். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. கணக்கு டீச்சரிடம் கேட்டால் காட்டுவார்.)

நிஜமான செல்லில் இழப்பு எல்லா ஆட்டத்திலும் ஒரே அளவாக இருக்காது. படலம் தடிக்கத் தடிக்க அது மெல்லக் குறையும் என்று பார்த்தோமே. ஆனாலும் எது நல்ல செல், எது சுமாரான செல் என்று பிரிக்க இந்தக் கணக்கு போதும்.

இப்போது அவர்கள் முன்னால் நின்ற தடை என்ன தெரியுமா? கருவிதான். ஆயிரத்தில் ஒன்று தப்பாகக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு பத்தாயிரத்தில் ஒன்றை எப்படி எண்ணுவது? முடியவே முடியாது. இரண்டு செல்லும் அதன் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

டானின் குழு புதிதாக ஒரு கருவியையே செய்தது. மின்சாரத்தைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். சூடு ஏறி இறங்கினாலும் கணக்கு கெடும் என்பதால் சூடு மாறாத பெட்டிக்குள் செல்லை வைக்க வேண்டும். இப்படி எல்லாப் பக்கமும் செதுக்கிச் செதுக்கிச் செய்த அந்தக் கருவியைப் பற்றி 2010-இல் கட்டுரை எழுதி வெளியிட்டார்கள். சில வாரங்களிலேயே ஒரு செல்லின் தரத்தைப் பற்றி நம்பிக்கையாகப் பேச முடிந்தது. அதை உருவாக்கிய மாணவர்கள் சிலர், பிறகு அந்தக் கருவியைச் செய்து விற்கவே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்.

என்னைக் கேட்டால், புதிய செல்லைக் கண்டுபிடிப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை இப்படி ஓர் அளக்கும் கருவியைக் கண்டுபிடிப்பது. அளக்கத் தெரிந்த பிறகுதான் திருத்த முடிகிறது.

திருத்தவும் செய்தார்கள். திரவத்தில் வேறு வேறு பொருள்களை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற சிறு அளவில் கலந்து பார்த்தார்கள். வினைலீன் கார்பனேட் என்று ஒரு பொருள். பெயர்தான் நீளம். துளி அளவு சேர்த்தாலே படலம் நல்ல உறுதியாக அமைகிறது. காய்கள் தொலைவது குறைகிறது. இது முன்பே தெரிந்த பொருள்தான். இதோடு எதைச் சேர்த்தால் இன்னும் நல்லது என்று ஒவ்வொரு கலவையாக எண்ணிப் பார்க்க, புதிய கருவி கைகொடுத்தது.

இதுவரை கிராஃபைட் பக்கத்தையே பேசினோம். எதிர்ப் பக்கத்துக் கறுப்புப் பொடியிலும் ஒரு சேதி இருக்கிறது.

அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் பல குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒட்டிச் சேர்ந்தது. லித்தியம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் படிகங்கள் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். எல்லாம் ஒரே திசையில் உப்பாது. ஒன்று இப்படி இழுக்கும், பக்கத்தில் இருப்பது அப்படி இழுக்கும். ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஒட்டிய இடம் விட்டுப்போகும். துகளில் விரிசல் விழும்.

இதற்கு மாற்றாக, துகள் முழுவதும் ஒரே படிகமாக இருக்கும்படி பொடியைத் தயாரிக்கலாம். ஒட்டே இல்லை என்றால் ஒட்டு விட்டுப்போவது ஏது? டானின் ஆய்வுக்கூடம் இப்படிப்பட்ட ஒற்றைப் படிகப் பொடியும் நல்ல திரவமும் சேர்ந்த செல்களை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, முடிவுகளை 2019-இல் வெளியிட்டது. ஒரு மின்சாரக் காரை 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட இந்தச் செல்கள் போதும் என்று அதில் கணக்குச் சொன்னார்கள்.

சோதனை அதோடு முடியவில்லை. அப்படி ஒரு செல்லைக் கழற்றாமல் ஆறு வருடத்துக்கு மேல் விடாமல் ஏற்றி இறக்கினார்கள். அதன் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு வருவதற்குள் 20,000 தடவைக்கு மேல் ஆகிவிட்டது! வழக்கமான பொடி கொண்ட செல்லுக்கு அந்த இடம் 2,400 தடவையிலேயே வந்துவிட்டது.

பிறகு இரண்டையும் கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மிகமிக வலிமையான எக்ஸ்-கதிர்களை உண்டாக்கும் பெரிய கூடம் இருக்கிறது. டோபி பாண்ட் என்ற ஆய்வாளர் செல்லை உடைக்காமலே உள்ளே படம் எடுத்தார். வழக்கமான செல்லின் துகள்களில் ஏகப்பட்ட விரிசல்கள். ஒற்றைப் படிகச் செல்லிலோ, துகள்கள் புதியது மாதிரியே இருந்தன. 2024-இல் இது வெளியானது. நான் படித்தபோது துள்ளிக் குதிக்கத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றுகிறது அல்லவா?

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். அடுத்து ஒரு துப்பறியும் கதை.

சில செல்களை யாரும் தொடாமல் மேசையில் வைத்தாலும் சார்ஜ் தானாக இறங்கும். விளக்கும் எரியவில்லை, பாட்டும் ஓடவில்லை. சார்ஜ் எங்கே போகிறது?

அதே டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெட்ஸ்கர் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இதை ஆராய்ந்தார்கள். செல்களை வெவ்வேறு அளவு சூட்டில் வைத்தார்கள். பிறகு பாதுகாப்பாகத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்த திரவம் நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் அது செக்கச் செவேல் என்று இருந்தது! இப்படி அவர்கள் பார்த்ததே இல்லை.

எங்கிருந்து வந்தது இந்தச் சிவப்பு? திரவத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அங்கே இருக்கக் கூடாத ஒரு பொருள் கிடைத்தது. அது எதிலிருந்து வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள்.

குற்றவாளி யார் தெரியுமா? ஒரு சின்ன ஒட்டு டேப்!

சுருட்டிய தகடுகள் பிரிந்துவிடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார்கள். தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கில் செய்த டேப் அது. யாரும் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனால் செல்லுக்குள் அது மெல்லச் சிதைந்து, ஒரு புதிய மூலக்கூறைத் திரவத்தில் விடுகிறது. அந்த மூலக்கூறு இந்தப் பக்கம் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நீந்திப் போய் அந்தப் பக்கம் இறக்கிவிடும். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துப் போகும். கம்பி வழியாகச் சுற்றிப் போக வேண்டிய எலக்ட்ரான் குறுக்கு வழியில் போய்விடுகிறது. யாரும் ஆடாமலே காய்கள் நகர்ந்துவிடுகின்றன.

தீர்வு? டேப்பை மாற்றினால் போதும்! இப்படிச் சிதையாத வேறு பிளாஸ்டிக்கில் டேப் செய்து ஒட்ட வேண்டியதுதான். இவ்வளவு பெரிய இழப்புக்கு இவ்வளவு சின்ன மருந்து. யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தார்களே, அதற்காகவே அவர்களைக் கட்டிக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பக்கமும் இந்த வேலை நடக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டிய இடம். அங்கேயும் லித்தியம் அயனி செல்களை ஆராய்கிறார்கள். வேதியியலும் மின்சாரமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுப் போனுக்கு வருவோம். டேப்பை நம்மால் மாற்ற முடியாது. திரவத்தையும் மாற்ற முடியாது. ஆனால் காய்கள் மெதுவாகத் தொலையும்படி பார்த்துக்கொள்ளலாம்.

சூடுதான் முதல் எதிரி. சார்ஜில் இருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடினால் இரண்டு பக்கமும் சூடு சேரும். போனுக்கும் ஓய்வு கொடுங்கள், உங்கள் கண்ணுக்கும் ஓய்வு கொடுங்கள்.

அடுத்தது, நூறு சதவீதத்திலேயே நெடுநேரம் வைத்திருப்பது. முழுக்க ஏறிய செல்லில் வோல்ட் அதிகம். வோல்ட் அதிகமானால் திரவம் சிதைவதும் அதிகம். பல போன்களில் "80 சதவீதத்தோடு நிறுத்து" என்று ஒரு வசதி இருக்கிறது. பெரியவர்களைக் கேட்டு அதைப் போட்டு வைக்கலாம். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால், ஏறக்குறையப் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது நல்லது.

"முழுசாகக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் செல்லை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அது சந்தோஷமாகவே இருக்கும்.

போனோ பவர் பேங்க்கோ முதுகு உப்பித் தெரிந்தால்? உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. இதற்குச் செலவே இல்லை.

ராத்திரி தூங்கப் போகும்போது போனில் எத்தனை சதவீதம் என்று நோட்டில் எழுதுங்கள். இணையத்தையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் மறுபடி பார்த்து எழுதுங்கள். தேதியும் எழுத வேண்டும். அன்றைக்குப் புழுக்கமா, மழையா என்பதையும் எழுதுங்கள்.

நாலைந்து சதவீதம் குறைந்திருக்கலாம். அது பேட்டரியின் குற்றமா? அவசரப்பட வேண்டாம். தூங்கும்போதும் போன் தனக்கென்று கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி தானாக இழந்தது எவ்வளவு, போன் எடுத்தது எவ்வளவு? இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

"போனை முழுக்க அணைத்து வைத்துப் பார்க்கலாம்" என்று ஒரு தங்கை சொல்வது எனக்குக் கேட்கிறது. அருமை! ஆனால் ஒரே இரவில் எதுவும் குறையாதது போலத் தெரியலாம். போனின் திரை ஒன்று ஒன்றாகத்தான் எண்ணும். ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதற்குக் காட்டத் தெரியாது. அதனால் ஒன்று, இன்னும் நுட்பமான கருவி வேண்டும். இல்லையென்றால் இன்னும் அதிக நாள் விட்டுவைக்க வேண்டும். வீட்டில் யாரும் எடுக்காத பழைய போன் ஒன்று கிடந்தால், அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பாதி சார்ஜ் ஏற்றி, அணைத்து, ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். திறக்கும்போது பார்த்த எண்ணை எழுதி எனக்கு அனுப்புங்கள்.